பெயரோடு வெளிவந்த வாக்கு

அவைக்குள் நடந்தது: வரலாற்றுத் தொடர், பகுதி 12

1641 மே மாதத் தொடக்கம். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை முற்றத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. மன்னர் முதலாம் சார்லஸின் வலக்கரமாக இருந்த ஸ்ட்ராஃபோர்டு பிரபுவுக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை சில நாள்களுக்கு முன்புதான் நிறைவேற்றியிருந்தது. ஆதரவு 204, எதிர்ப்பு 59. எதிர்த்து வாக்களித்தவர்கள் இவர்கள்தான் என்று பெயர் பெயராக அந்தத் தாள் சொன்னது. நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று அவர்களுக்குப் பட்டமும் சூட்டியிருந்தது. ஸ்ட்ராஃபோர்டின் தலையைக் கேட்டுத் திரண்ட கூட்டம் அந்தத் தாளைச் சுற்றி நின்றது. மே 12 அன்று டவர் குன்றில் அவர் தலை வெட்டப்பட்டது.

எம்.பி. ஒருவர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று ஊருக்கு அறிவித்த ஆரம்பகாலப் பட்டியல்களில் ஒன்று இது. அதைத் தொங்கவிட்டவர்களின் நோக்கம் மிரட்டுவது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மன்னரே ஆயுதம் தாங்கிய ஆட்களோடு சபைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்கப் பார்த்தார். வெளியே கூட்டம், உள்ளே மன்னர். இந்த இரண்டு அச்சத்துக்கும் நடுவே இருந்தவர்கள், அவையில் பேசுவதும் வாக்களிப்பதும் வெளியே போகக் கூடாது என்று நினைத்ததில் நியாயம் இருந்தது. ரகசியம் அன்று அவர்களுக்கு உயிர்க்காப்பு.

ஆனால் அச்சம் போன பிறகும் ரகசியம் போகவில்லை. 1688 புரட்சிக்குப் பின் உறுப்பினரின் பேச்சுரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. மன்னரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியிருந்தும் 1696-ல் காமன்ஸ் சபை ஒரு தீர்மானம் போட்டது: உறுப்பினர்களின் பெயர்களை அச்சிட்டு, அவையில் அவர்கள் செய்ததை விமர்சிப்பது உரிமை மீறல், நாடாளுமன்றத்தின் சுதந்திரத்தையே அழிக்கும் செயல். இப்போது யாரிடமிருந்து இந்தப் பாதுகாப்பு? மன்னரிடமிருந்து அல்ல. தங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களிடமிருந்து.

1738-ல் கயிறு இன்னும் இறுகியது. அவை நடக்காத விடுமுறைக் காலத்தில்கூட விவாதங்களை அச்சிடக் கூடாது என்று சபை உத்தரவிட்டது. 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' என்ற மாத இதழை நடத்திய எட்வர்ட் கேவ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். லண்டன் நாடாளுமன்றத்தைப் பற்றித்தானே எழுதக் கூடாது? ஜானதன் ஸ்விஃப்ட்டின் கதையில் வரும் லில்லிபுட் என்ற குள்ளர் நாட்டின் நாடாளுமன்ற விவாதம் என்று போட்டுவிட்டார். பிரதமர் வால்போலின் பெயர் எழுத்துகள் இடம் மாறி 'வாலெலாப்' ஆனது. வாசகர்களுக்கு எல்லாம் புரிந்தது. சில ஆண்டுகள் இந்த விவாதங்களை எழுதிக் கொடுத்தவர் சாமுவேல் ஜான்சன், பின்னாளில் ஆங்கில அகராதி தொகுத்த அதே ஜான்சன். அவையில் யார் பேசினார், எந்தப் பக்கம் பேசினார் என்ற குறிப்பு மட்டும் அவர் கைக்கு வரும். மிச்சத்தை அவரே எழுதுவார். அது உண்மையான பேச்சென்று ஜனங்கள் நம்புகிறார்கள் எனத் தெரிந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டார். கதவைச் சாத்தி வைத்ததால் உண்மை வெளியே வராமல் நின்றது, அதன் இடத்தைக் கற்பனை பிடித்துக்கொண்டது. அவையின் மானத்தைக் காக்கப் போட்ட தடை செய்த வேலை இது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே போன பின், 1771-ல் மோதல் வெடித்தது.

கர்னல் ஜார்ஜ் ஆன்ஸ்லோ என்ற எம்.பி. பிப்ரவரி மாதம் எழுந்து, இரண்டு பத்திரிகைகள் அவை நடவடிக்கையை அச்சிடுகின்றன என்று புகார் சொன்னார். 'கெஸட்டியர்' அச்சடித்த தாம்ஸன், 'மிடில்ஸெக்ஸ் ஜர்னல்' அச்சடித்த வீபிள் ஆகிய இருவரையும் நேரில் வரச் சொன்னது சபை. இருவரும் வரவில்லை. பிடித்துக் கொடுப்பவருக்குத் தலைக்கு 50 பவுண்டு பரிசு என்று அரச அறிவிப்பு வெளியானது. மேலும் ஆறு அச்சகத்தார் மீது நடவடிக்கை எடுக்க மார்ச் 12 இரவு தீர்மானம் வந்தபோது, எட்மண்ட் பர்க் உள்ளிட்ட ஒரு சிறு குழு விடியும்வரை முட்டுக்கட்டை போட்டது. அந்த ஒரே இரவில் 23 முறை வாக்கெடுப்பு நடத்த வைத்தார்கள்.

லண்டன் மாநகர ஆட்சியில் அப்போது ஆல்டர்மேனாக, அதாவது நகர நிர்வாகியும் நீதிபதியுமாக இருந்தவர் ஜான் வில்க்ஸ். மிடில்ஸெக்ஸ் தொகுதி மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தும் சபை உள்ளே விட மறுத்த மனிதர். கணக்குத் தீர்க்க அவருக்கு நல்ல வாய்ப்பு. மார்ச் 15 அன்று, இன்னொரு அச்சுத் தொழிலாளி வீபிளைப் 'பிடித்து' வில்க்ஸ் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லாம் பேசி வைத்துக்கொண்டு செய்ததுதான். நகர எல்லைக்குள் நகர நீதிபதியின் ஆணை இல்லாமல் ஒரு குடிமகனைப் பிடிக்க முடியாது என்று சொல்லி வில்க்ஸ் வீபிளை விடுவித்தார். பிடித்தவருக்கு, 50 பவுண்டு பரிசைப் போய் வாங்கிக்கொள்ளச் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்.

அதே நாள் 'லண்டன் ஈவ்னிங் போஸ்ட்' அச்சகத்தார் மில்லரைக் கைது செய்ய நாடாளுமன்றத்தின் சேவகரே நேரில் போனார். மில்லர் தயாராக இருந்தார். போலீஸ்காரரைக் கூப்பிட்டு, தன்னைத் தாக்கியதாகப் புகார் கொடுத்துச் சேவகரைப் பிடித்துக்கொடுத்தார். விவகாரம் லண்டன் மேயர் பிராஸ் கிராஸ்பியிடம் போனது. கீல்வாதத்தால் படுக்கையில் கிடந்த மேயர், பக்கத்தில் வில்க்ஸும் ஆல்டர்மேன் ரிச்சர்ட் ஆலிவரும் இருக்க, மில்லரை விடுவித்துச் சேவகரைச் சிறைக்கு அனுப்ப உத்தரவிட்டார். சேவகர் ஜாமீன் கொடுத்துத்தான் வெளியே வர முடிந்தது.

கிராஸ்பியும் ஆலிவரும் காமன்ஸ் உறுப்பினர்கள். ஆகவே சபை தன் சொந்த உறுப்பினர்கள் இருவரையே லண்டன் டவர் சிறைக்கு அனுப்பியது. தெருவில் ஜனம் கொந்தளித்தது. பிரதமர் நார்த் பிரபுவின் வண்டியை உடைத்தார்கள், அவர் தப்பியதே பெரிய காரியம். வில்க்ஸைத் தொடச் சபைக்குத் துணிவில்லை. மிடில்ஸெக்ஸ் எம்.பி. என்று அழைத்தால்தான் வருவேன் என்றார் அவர். ஏப்ரல் 8 அன்று வரச் சொல்லி ஆணை அனுப்பிவிட்டு, அந்த நாளில் கூடாமலேயே 9-ம் தேதிக்கு அவையை ஒத்திவைத்தார்கள். மே மாதம் கூட்டத்தொடர் முடிந்ததும் கிராஸ்பியும் ஆலிவரும் தானாகவே விடுதலையானார்கள். பீரங்கி முழக்கத்தோடு லண்டன் அவர்களை வரவேற்றது. விவாதங்களை அச்சிடத் தடை என்ற தீர்மானம் ஏட்டில் அப்படியே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அதை நடைமுறைப்படுத்த யாரும் முன்வரவில்லை.

பேச்சு வெளியே வந்துவிட்டது. ஹான்சார்ட் என்று இன்று உலகம் சொல்லும் விவாதத் தொகுப்பை 1803-ல் தொடங்கியவர் வில்லியம் காபெட். படைவீரர்களைச் சவுக்கால் அடித்ததைக் கண்டித்து எழுதியதற்காக 1810-ல் சிறைக்குப் போனார். கடன் நெருக்க, தொகுப்பை அச்சகத்தாரான தாமஸ் கர்சன் ஹான்சார்டுக்கு விற்றார். அந்தப் பெயர் நிலைத்தது. 1909-ல்தான் அது அரசு முறையான வெளியீடாயிற்று.

வாக்கு? அது மட்டும் உள்ளேயே கிடந்தது.

காரணம், வாக்கெடுத்த முறை. அன்றைய காமன்ஸ் சபையில் ஒரு தரப்பு எழுந்து வெளிக்கூடத்துக்குப் போகும், மறு தரப்பு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். எண்ணுபவர்கள் இரு பக்கத்தையும் எண்ணி, இத்தனை பேர் ஆம், இத்தனை பேர் இல்லை என்று சொல்வார்கள். குறிப்பேட்டில் ஏறுவது அந்த இரண்டு எண்களும் எண்ணியவர்களின் பெயர்களும் மட்டுமே. பர்க்கும் நண்பர்களும் 23 முறை வாக்கெடுக்க வைத்த அந்த இரவிலும், ஒவ்வொரு முறையும் எந்த உறுப்பினர் எங்கே நின்றார் என்று அவைக் குறிப்பு சொல்லாது. பத்திரிகைகளில் அவ்வப்போது பட்டியல்கள் வந்தன. தோற்ற தரப்பினர் தங்கள் பெயர்களைத் தாங்களே எழுதிக் கொடுப்பார்கள். விட்டுப்போன பெயர், தப்பாகச் சேர்ந்த பெயர் எல்லாம் அதில் உண்டு. யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

1832-ல் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. புதிதாக வாக்குரிமை பெற்ற நகரத்து நடுத்தர மக்கள், தாங்கள் அனுப்பிய ஆள் அங்கே என்ன செய்கிறார் என்று கேட்கத் தொடங்கினார்கள். 1834 அக்டோபர் 16 இரவு வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை எரிந்தது. கருவூலத்தில் பழைய காலத்துக் கணக்குக் குச்சிகள் குவிந்து கிடந்தன, அவற்றை அடுப்பில் போட்டு எரித்ததில் வந்த தீ. காமன்ஸ் சபை தற்காலிக இடத்துக்குப் போனது. பழைய கட்டடம் இல்லை என்றதும், பழைய முறைக்கு இருந்த இடச் சாக்கும் போயிற்று. வாக்கெடுப்புகளைப் பெயரோடு பதிவுசெய்து வெளியிட வேண்டும் என்று சபைக்குள் வாதாடியவர்களில் முன்னால் நின்றவர் ஹென்றி ஜார்ஜ் வார்டு என்ற தீவிரச் சீர்திருத்தவாதி. இரண்டாவதாக ஒரு வெளிக்கூடம், அதாவது லாபி, கட்டினார்கள். ஆதரிப்பவர்கள் ஒரு லாபி வழியாகவும் எதிர்ப்பவர்கள் இன்னொரு லாபி வழியாகவும் நடந்து போக வேண்டும், போகும்போதே எழுத்தர்கள் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். 1836 பிப்ரவரியில் அதிகாரபூர்வமான வாக்குப் பட்டியல்கள் வெளிவரத் தொடங்கின. அரண்மனை முற்றத்தில் ஸ்ட்ராஃபோர்டு பட்டியல் தொங்கி 195 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரபுக்கள் சபை இன்னும் 21 ஆண்டுகள் தாமதித்து, 1857-ல்தான் இதே வழிக்கு வந்தது.

வார்டின் பிற்கால வாழ்க்கை தமிழ் வாசகர்களுக்கு அருகில் வருகிறது. 1855-ல் இலங்கையின் ஆளுநரானார், 1858-ல் அங்கே முதல் ரயில் பாதைக்கு மண் வெட்டித் தொடங்கிவைத்தார். 1860-ல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த சார்லஸ் ட்ரெவெலியன், கல்கத்தா அரசின் புதிய வரித் திட்டத்துக்கு எதிரான தன் குறிப்பைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார் என்று லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். அரசாங்கத்துக்குள் இருந்த கருத்து வேறுபாட்டை ஊரறியச் செய்தவர் காலிசெய்த நாற்காலிக்கு, வாக்குகளை ஊரறியச் செய்யப் போராடியவர் வந்து சேர்ந்தார். ஜூலையில் பொறுப்பேற்ற வார்டு ஒரு மாதம்கூட முழுதாக ஆளவில்லை. ஆகஸ்ட் 2 அன்று காலராவில் இறந்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தமிழ்நாட்டின் சட்டமன்றம் கூடும் அதே கோட்டை.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் வாக்காளரின் ஓட்டு ரகசியமானது 1872-ல். அதற்கு முன்பு அவர் பண்ணையார் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டுப் போட வேண்டும். பிரதிநிதியின் வாக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும், அவரை அனுப்பியவரின் வாக்கு மறைவாக இருக்க வேண்டும் என்ற இன்றைய ஏற்பாடு அந்த 36 ஆண்டுகளில்தான் தலைகீழாகத் திருப்பி வைக்கப்பட்டது. முன்னவர் பிறருக்காக வாக்களிக்கிறார், பின்னவர் தனக்காக. இந்த வித்தியாசம் புரிய இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

இந்தியாவுக்கு இந்த மரபு முழுதாக வந்து சேரவில்லை. அவைச் செய்தியைப் பத்திரிகையில் போடும் உரிமைக்கே இங்கே தனியாகப் போராட வேண்டியிருந்தது. அவைக்குள் ஓர் உறுப்பினர் என்ன பேசினாலும் அவர்மீது வழக்குப் போட முடியாது, அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு அவரைக் காக்கிறது. அதையே அச்சிட்ட பத்திரிகைக்கு அந்தக் காப்பு இல்லை. ரேபரேலி எம்.பி. பெரோஸ் காந்தி, காப்பீட்டு நிறுவனங்களில் நடந்த முறைகேடுகளை 1955-ல் அவையில் போட்டு உடைத்தபோது இந்த ஓட்டை அவருக்குத் தெரிந்தது. தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்ளது உள்ளபடி, தீய நோக்கமின்றி வெளியிடுவதற்குப் பாதுகாப்பு தரும் சட்டமாக அது 1956-ல் நிறைவேறியது.

சட்டத்தின் பலன் அடுத்த ஆண்டே தெரிந்தது. 1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் போடப்பட்டதை பெரோஸ் காந்தி மக்களவையில் அக்குவேறு ஆணிவேறாக எடுத்து வைத்தார். பத்திரிகைகள் அச்சமின்றி எழுதின. நீதிபதி சாக்ளா விசாரணை பகிரங்கமாக நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நெருக்கடி நிலையின்போது, 1975 டிசம்பரில், அவசரச் சட்டம் மூலம் அந்தப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. நீக்கிய அரசுக்குத் தலைமை வகித்தவர் பெரோஸ் காந்தியின் மனைவி இந்திரா காந்தி. 1977-ல் ஜனதா அரசு சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது, 1978-ல் 44-வது திருத்தம் அதை அரசியல் சட்டத்திலேயே பதித்தது.

வாக்குப் பதிவில் இந்தியா ஒரு விதத்தில் முந்திக்கொண்டது. வெஸ்ட்மின்ஸ்டரில் லாபி வழியே நடந்துகொண்டிருந்த காலத்தில், 1957-லேயே மக்களவையில் தானியங்கி வாக்குப் பதிவு இயந்திரம் வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே பொத்தானை அழுத்தலாம். ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு, வாக்களிக்கவில்லை என்றால் மஞ்சள். யார் எதை அழுத்தினார் என்பது விவாதப் பதிவில் பெயரோடு அச்சாகும்.

ஒவ்வொரு பெயரும் எவ்வளவு கனமானது என்பதை 1970 செப்டம்பர் 5 காட்டியது. முன்னாள் மன்னர்களின் மானியத்தை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. வாக்களித்த 224 பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்பது 149.33. ஒரு வாக்கின் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் மசோதா விழுந்தது. மானியம் ஒழிய அடுத்த ஆண்டின் 26-வது திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. 1999 ஏப்ரல் 17 தமிழ்நாட்டில் பலருக்கு நினைவிருக்கும். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பின் நடந்த வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று கவிழ்ந்தது. கட்சி உத்தரவை மீறி எதிர்த்து வாக்களித்த தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸை அவர் கட்சி வெளியேற்றியது.

2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியபோது, தமிழ்நாட்டுத் தெருக்களில் பேசப்பட்டதும் இந்தக் கணக்குதான். அ.தி.மு.க.வின் 11 பேரும் பா.ம.க.வின் ஒருவரும் ஆதரித்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் மறுபக்கம் போயிருந்தால் 113-க்கு 117. பெயரோடு பதிவான வாக்கு என்பதால்தான் இந்தக் கணக்கை டீக்கடையில் உட்கார்ந்தும் போட முடிந்தது. ஆதரித்தவர்கள் ஏன் ஆதரித்தோம் என்று சொல்லியாக வேண்டிய கட்டாயமும் அதனால்தான் வந்தது.

அந்தப் பன்னிரண்டு பேரும் தனித்தனியாக யோசித்து முடிவெடுத்தார்களா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகலாம். விலைக்கு வாங்கப்படும் உறுப்பினர்களைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சிப்படி வாக்களிப்பவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. இதனால் இந்திய எம்.பி.யின் வாக்குப் பட்டியல் பெரும்பாலும் கட்சியின் முடிவையே சொல்கிறது. பிரிட்டனில் அப்படியில்லை. 2003 மார்ச் 18 அன்று இராக் போருக்கான நியாயம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தத்தை ஆதரித்து, ஆளும் தொழிற்கட்சியின் 139 எம்.பி.க்கள் தங்கள் சொந்தப் பிரதமருக்கு எதிராக வாக்களித்தார்கள். அதற்காக யாரும் எம்.பி. பதவியை இழக்கவில்லை.

அந்த வாக்கெடுப்புக்குப் பின்தான் அடுத்த அத்தியாயம் பிறந்தது. பெயர்கள் ஹான்சார்டில் அச்சாகியிருந்தன, ஆனால் ஒரு சாதாரண மனிதர் தன் எம்.பி. கடந்த ஐந்தாண்டில் எப்படியெல்லாம் வாக்களித்தார் என்று பார்க்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புரட்ட வேண்டும். ஜூலியன் டாட், பிரான்சிஸ் இர்விங் என்ற இரண்டு கணினி நிரலாளர்கள் ஹான்சார்டின் இணையப் பக்கங்களிலிருந்து வாக்குகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிப் பக்கம் வைத்து, 2003-ல் 'பப்ளிக் விப்' என்ற தளத்தைத் தொடங்கினார்கள். கட்சிக்குக் கொறடா உண்டு, மக்களுக்கும் ஒன்று இருக்கட்டும் என்பது பெயரின் பொருள். 2004-ல் தன்னார்வலர்கள் 'தே வொர்க் ஃபார் யூ' என்ற தளத்தை உருவாக்கினார்கள். பேச்சு, கேள்வி, வாக்கு எல்லாம் தொகுதியின் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் கிடைத்தன. இந்தியாவில் 2005-ல் தொடங்கிய பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனம், எம்.பி.க்களின் வருகை, கேள்விகள், விவாதப் பங்கேற்பு, தனிநபர் மசோதாக்கள் ஆகியவற்றைத் திரட்டித் தருகிறது. இன்று தமிழ்ப் பத்திரிகைகள் தேர்தல் நேரத்தில் போடும் 'உங்கள் எம்.பி. எப்படி?' கட்டங்கள் பெரும்பாலும் அங்கிருந்து எடுத்தவை.

எண்ணத் தொடங்கியதும் எண்ணுவதன் ஆபத்தும் வந்தது. எந்த எம்.பி. அதிகம் பேசினார் என்று தரவரிசை போட்டதும், வரிசையில் ஏறுவதற்காகவே சில பிரிட்டிஷ் எம்.பி.க்கள் ஒற்றை வரிக் குறுக்கீடுகள் செய்வதாகவும் கேள்விகளைக் குவிப்பதாகவும் 2006-ல் லண்டன் பத்திரிகைகளில் செய்தி வந்தது. 'தே வொர்க் ஃபார் யூ' தளத்தை நடத்தியவர்கள் தரவரிசையை நீக்கினார்கள். அவர்கள் செய்த நல்ல காரியங்களில் இது முக்கியமானது.

இந்தியக் கட்டங்களைப் பார்ப்பவர்களும் சிலவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை, கேள்வி கேட்பதும் இல்லை. அவர்களுக்கு நேரே இருக்கும் வெற்றிடம் சோம்பலைக் காட்டாது. எதிர்க்கட்சித் தலைவரும் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை. கையெழுத்துப் போட்டவர் நாள் முழுக்க அவையில் இருந்தார் என்றும் பொருளில்லை. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 எழுத்துமூலக் கேள்விகளும்தான் பட்டியலில் ஏறும், எது ஏறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. எனவே 'கேள்விகள்: 400' என்ற எண்ணில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. நிலைக்குழுவில் ஓர் உறுப்பினர் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு மசோதாவை வரிவரியாகச் சரிசெய்த உழைப்பு எந்தக் கட்டத்திலும் வராது.

சுதந்திர இந்தியாவில் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே, 1970-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. பெரோஸ் காந்தியின் மசோதா அந்த 14-ல் ஒன்று. தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது நிறைவேறாவிட்டாலும், அரசு தானாகவே ஒரு மசோதாவைக் கொண்டுவரும் நெருக்கடியை உண்டாக்கியது. எண்ணிக்கைக் கட்டத்தில் இவையெல்லாம் 'தனிநபர் மசோதா: 1'. யாரும் படிக்காமல் கிடக்கும் நூறு மசோதாக்களும் அதே அளவில்தான் எண்ணப்படும். எம்.பி.யின் பக்கத்தைத் திறந்தவர் எண்ணோடு நிற்காமல் அதன் கீழே இருக்கும் கேள்வியையும் பேச்சையும் படித்தால்தான் அவரைப் பற்றி ஏதாவது தெரியவரும். அதைப் படிக்க அரை மணி நேரம் போதும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்டு வருபவருக்காக அந்த அரை மணி நேரத்தைச் செலவிடலாம்.

ஆனால் இந்தியாவில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள், எந்தக் குரல் ஓங்கியது என்று அவைத் தலைவர் அறிவிப்பார். பெயர் எதுவும் பதிவாகாது. ஓர் உறுப்பினர் எழுந்து அதை மறுத்து டிவிஷன், அதாவது எண்ணிப் பதிவுசெய்யும் வாக்கெடுப்பு, கேட்டால்தான் மணி அடித்து, கதவுகளைச் சாத்தி, பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அரசியல் சட்டத் திருத்தங்களுக்குக் குறிப்பிட்ட பெரும்பான்மை தேவை என்பதால் அங்கே எண்ணியே ஆக வேண்டும். 2023-ன் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை மக்களவையில் 454 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்த இருவர் ஓவைஸியும் அவர் கட்சியின் இம்தியாஸ் ஜலீலும் என்று நாட்டுக்கே தெரியும். விவசாயிக்கும் தொழிலாளிக்கும் நேரடியாகப் படும் சாதாரணச் சட்டங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் இரண்டு மாநிலங்களவைக்கு வந்தன. அவற்றைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரியவர்களில் திருச்சி சிவாவும் ஒருவர். எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். அவையை நடத்திய துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவித்தார். உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இருந்து கேட்டால்தான் டிவிஷன் தர முடியும் என்பது அவரது விளக்கம். இருக்கையில் இருந்தபடிதான் கேட்டோம் என்றது எதிர்த்தரப்பு. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இந்தப் பகுதியின் பார்வையில், யார் எங்கே நின்று கேட்டார் என்பதைவிடப் பெரிய விஷயம், இவ்வளவு கோடிப் பேரைப் பாதிக்கும் சட்டத்தில் பெயரோடு எண்ண வேண்டும் என்ற கோரிக்கையே போதுமானதாக இருந்திருக்க வேண்டும் என்பது. ஓராண்டு டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா, விவாதம் இல்லாமல், சில நிமிடங்களில், இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

தங்கள் மாநிலத்து உறுப்பினர் இந்தச் சட்டங்களுக்கு எப்படி வாக்களித்தார் என்று பஞ்சாபில் ஒரு விவசாயியோ தஞ்சாவூரில் ஒரு விவசாயியோ மாநிலங்களவைப் பதிவில் தேடினால், பேச்சுகள் கிடைக்கும், அமளி கிடைக்கும், வெளிநடப்பு கிடைக்கும். வாக்கு கிடைக்காது.

(அடுத்த பகுதி: கொறடா என்ற பதவி பிறந்த கதை)